கோத்தகிரி இன்னும் எவ்வளவு தாங்கும்? மனுவில் என்ன எழுதலாம், சொல்லுங்கள்

#1 பொரங்காட்டான்

எங்கள் ஹட்டியில் (படுகர் ஊரை அப்படித்தான் சொல்வோம்) பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு மனு எழுத உட்கார்ந்தோம். கோத்தகிரி வளரவும் வேண்டும், ஊட்டி மாதிரி ஆகிவிடவும் கூடாது, அதற்கு என்ன வழி என்று எழுதிக் கொடுக்கப் போகிறோம். முதல் பக்கம் மளமளவென்று வந்துவிட்டது. "இயற்கை எழில் கொஞ்சும்" என்று ஆரம்பித்து, 1819ல் கோவை கலெக்டர் சல்லிவன் மலையேறி வந்ததில் புகுந்து, அவர் கட்டின கன்னேரிமுக்கு பங்களா வரைக்கும் எழுதியாகிவிட்டது. இரண்டாம் பக்கத்தில்தான் சிக்கல். ஒருவர் பார்க்கிங் என்கிறார், ஒருவர் ஈளாடாவில் படகு விடலாம் என்கிறார், இன்னொருவர் இனி ஊருக்குள் காங்கிரீட்டே கூடாது என்கிறார், அவர் வீட்டு மூன்றாம் மாடிக்கு இப்போதுதான் சென்ட்ரிங் அடித்திருக்கிறது.

ஒரு கணக்கை மட்டும் இங்கே போட்டுவிட்டுப் போகிறேன். 2001 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தில் 7,62,141 பேர். 2011ல் 7,35,394. பத்து வருடத்தில் ஏறத்தாழ 27 ஆயிரம் பேர் குறைந்துவிட்டோம். ஆனால் அந்தப் பத்து வருடத்திலும் அதற்குப் பிறகும் கட்டடம் குறைந்ததாக நான் பார்க்கவில்லை. ஆள் குறைகிற ஊரில் யாருக்காகக் கட்டுகிறோம் என்று யாராவது சொன்னால் இரண்டாம் பக்கத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

#2 டிஎன்43_ஜீப்

ஐயா, முதலில் பார்க்கிங். ஞாயிற்றுக்கிழமை காமராஜர் சதுக்கத்தில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள், மனு தானாக எழுதிக்கொள்ளும். நான் கொடநாடு, கேத்தரின் அருவி என்று ஜீப் ஓட்டுகிறவன், எனக்கு டூரிஸ்ட் வேண்டும், இல்லை என்று சொல்லவே மாட்டேன். ஆனால் கொடநாட்டிலிருந்து திரும்பி வர ஆகிற நேரத்தில் பாதி டானிங்டன் பக்கம் நிற்பதிலேயே போகிறது.

வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தால் குறையும் என்றார்கள். 2024 மே 7 முதல் ஐகோர்ட் உத்தரவுப்படி பாஸ் வந்தது, 2025 சீசனில் வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று உச்சவரம்பும் வந்தது. சரி, நல்லது. ஆனால் குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் பாஸ் காட்டி மேலே ஏறுகிறவர் ஊட்டிக்குப் போகிறாரா, கோத்தகிரியிலேயே இறங்கிவிடுகிறாரா என்பதை அந்தப் பாஸை வைத்து நம்மால் சொல்ல முடியுமா? அந்த எண்ணிக்கை மொத்தத்துக்கும் சேர்த்துத்தானே. ஊட்டியில் ரூம் கிடைக்காதவர்கள் எல்லாம் நம் ஊரில்தான் கொட்டுகிறார்கள்.

#3 மழைமானி

பார்க்கிங்கை முதலில் எழுதினீர்கள் என்றால் மனு அதோடு முடிந்தது. இடம் கட்டினால் அதற்கும் சேர்த்து வண்டி வரும், பிறகு அடுத்த பார்க்கிங்குக்கு மனு எழுத வேண்டியதுதான்.

நான் வீட்டு மொட்டை மாடியில் பல வருடமாக மழை அளந்து நோட்டில் எழுதி வைக்கிற பைத்தியம், அதனால் தண்ணீர் பக்கமிருந்துதான் எனக்குப் பேசத் தெரியும். 2011 கணக்குப்படி கோத்தகிரி ஊருக்குள் 28,207 பேர். நகரத்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று மத்திய அரசின் குடிநீர்க் கையேடு வைத்திருக்கிறது. பெருக்கினால் நாளைக்கு 38 லட்சம் லிட்டர். அது நமக்கு மட்டும், வந்து போகிறவர்களை இன்னும் சேர்க்கவில்லை. அதே கையேட்டில் தங்கும் விடுதிக்குப் படுக்கைக்கு 180 லிட்டர். பத்து அறை, அறைக்கு இரண்டு பேர், நிரம்பினால் 3,600 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து ஆளுக்கு 55 லிட்டர்தான் அளவு. அப்படிப் பார்த்தால் ஒரு பத்து அறை காட்டேஜ் ஒரு நாளில் குடிக்கிறது அறுபத்தைந்து பேருடைய தண்ணீர். எங்கள் பக்கத்தில் அவ்வளவு பேர் இருந்தால் அது ஒரு சின்ன ஹட்டி.

இதில் மாதம்தான் முக்கியம். நமக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். ஆடி மழையைத் தொட்டபெட்டா அந்தப் பக்கமே பிடித்து வைத்துக்கொள்கிறது, அவலாஞ்சியில் கொட்டுகிற நாளில் நாம் சாரலைப் பார்த்துக்கொண்டு டீ குடிப்போம். மார்கழியோடு மழை நின்றால் கோடை மழை வரும் வரை சோலைக்காடு கொஞ்சம் கொஞ்சமாக ஊறிவிடுகிற தண்ணீரில்தான் ஓடுகிறோம். அது இளைத்துப்போகிற ஏப்ரல், மே மாதத்தில்தான் சீசன். ஊர் எவ்வளவு பெரிதாகலாம் என்பதை ஏப்ரல் மாதத்து ஓடையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஐப்பசி மாதத்து ஓடையைக் காட்டி அனுமதி வாங்கினால் எந்தத் திட்டமும் அழகாகத்தான் தெரியும்.

#4 கோவை_ரிட்டர்ன்

> ஒரு பத்து அறை காட்டேஜ் ஒரு நாளில் குடிக்கிறது அறுபத்தைந்து பேருடைய தண்ணீர்

எனக்கு நான்கு அறை ஹோம்ஸ்டே இருக்கிறது, அதனால் இது எனக்கும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். கோவையில் ஏழு வருடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்கு முக்கால் ஏக்கர் தேயிலை, அது அவருக்கே போதவில்லை, நான் வந்து அதில் என்ன பறிப்பது? பொரங்காட்டான் ஐயா சொன்ன கணக்கில் இறங்கிப்போனவர்களில் திரும்பி ஏறி வந்தவன் நான். என்னிடம் வேலை செய்கிற மூன்று பேரும் பக்கத்து ஹட்டிக்காரர்கள். இனி கட்டாதே, வராதே என்று மட்டும் எழுதினால் என் வயதுக்காரர்கள் எல்லாரும் மறுபடி திருப்பூர் பஸ்ஸில்தான் ஏற வேண்டும்.

மறைக்கவில்லை, போன ஏப்ரலில் நானும் லாரித் தண்ணீர் வாங்கினேன். ஷவரில் வேகம் இல்லை என்று ஒரு கெஸ்ட் இரண்டு ஸ்டார் போட்டுவிட்டுப் போனார். அவர் குளித்தது யாருடைய ஊற்றுத் தண்ணீர் என்று எனக்கே தெரியாது, லாரிக்காரர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

#5 கொழுந்துக்கூடை

தம்பி சொல்வதில் தப்பே இல்லை. எல்லாரும் காட்டேஜைத் திட்டுகிறோம், அந்த இடத்தை விற்றது யார் என்று பேசுவதில்லை. விற்றது நாங்கள். நான் விற்கவில்லை, என் சித்தப்பா விற்றார், பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

என் கணக்கை எழுதுகிறேன், யாரும் சிரிக்கக் கூடாது. ஒன்றேகால் ஏக்கர். போன மழையில் ஒரு ரவுண்டுக்கு 220 கிலோ பச்சைத் தேயிலை வந்தது. கிலோ 16 ரூபாய், மொத்தம் 3,520. பறிப்புக் கூலி, உரம், மருந்து, ஃபேக்டரிக்கு ஏற்றிப்போகிற பிக்கப் வண்டி எல்லாம் போகக் கையில் நின்றது எழுநூறு சொச்சம். அதுவும் உடனே வராது, ஏஜென்ட் எழுதி வைத்துக்கொள்வார். ஃபேக்டரியும் விவசாயியும் 65க்கு 35 என்று விற்ற பணத்தைப் பங்கு போட வேண்டும், 65 எங்களுக்கு என்று காகிதத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. அது தூள் ஏலத்தில் போகிற விலையை வைத்துத்தான். ஏலமே படுத்துவிட்டால் 65 சதவீதம் என்பது எதில் 65 சதவீதம்? இந்த மாவட்டத்தில் எங்களை மாதிரி சிறு விவசாயிகள் 65 ஆயிரம் பேர் என்று சொல்கிறார்கள். தற்செயலாக அதுவும் 65.

தொண்ணூறுகளில் விலை உச்சத்தில் இருந்தபோது எங்கள் ஹட்டியில் ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போடாதவர்கள் இல்லை. 99, 2000 வாக்கில் விலை விழுந்தது. அப்போது வாங்கிய கடன், அப்புறம் பெண் கல்யாணம், அப்புறம் பையன் இன்ஜினியரிங் காலேஜ். புரோக்கர் வந்து ஏக்கர் கணக்கில் பேச மாட்டார், சென்ட் கணக்கில் பேசுவார். இருபது சென்ட் கொடுத்தால் அந்த நிலம் எனக்கு இருபது வருடம் தராத பணம் ஒரே நாளில் பேங்கில். கவாத்துகூட வெட்டாமல் மரமாக வளர்ந்து நிற்கிற தேயிலையைப் பார்த்திருப்பீர்கள். அது சோம்பேறித்தனம் இல்லை, பறித்தால் நஷ்டம். நேற்று இன்னொரு புரோக்கர் வந்தார். சிரித்துப் பேசி டீ கொடுத்துத்தான் அனுப்பினேன், துரத்தவில்லை.

அதனால் மனுவில் கட்டட விதி எழுதுவதற்கு முன்னால் கொழுந்து விலையை எழுதுங்கள். 25, 30 ரூபாய் நிலையாகக் கிடைத்தால் பாதிப் பேர் விற்க மாட்டார்கள். சில பேர் தேயிலையைப் பிடுங்கிவிட்டு கேரட் போடுகிறார்கள், மேட்டுப்பாளையம் மண்டியில் நல்ல நாளில் காசு. ஆனால் செடியைப் பிடுங்கின சரிவு மழையில் என்ன ஆகும் என்று ஓவர்சியர் சார் வந்து சொல்லட்டும்.

#6 ஓவர்சியர்_ஓய்வு

கூப்பிட்டதால் வந்தேன். முப்பத்திரண்டு வருடம் ரோடும் சுவரும் பார்த்தவன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மலை பாறை மாதிரி தெரியும், ஆனால் மேல்தோல் முழுக்க மக்கிப்போன செம்மண். காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் சுவர் மாதிரி நிற்கும், அதைப் பார்த்துத்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். ஒரு சரிவில் வீட்டுக்கு மனை வேண்டுமென்றால் பொக்லைன் வைத்து அடிக்காலை வெட்டி எடுத்து, அந்த மண்ணையே முன்பக்கம் கொட்டிச் சமன் செய்கிறார்கள். பின்னால் காலிழந்த மேடு, முன்னால் இறுகாத மண்ணின் மேல் பில்லர். ஒரு வருடம், இரண்டு வருடம் ஒன்றும் ஆகாது. மூன்றாவது வருடம் கார்த்திகையில் நாலு நாள் விடாமல் பெய்யும், மண்ணுக்குள் தண்ணீர் ஏறும், துகளுக்கும் துகளுக்கும் நடுவில் இருக்கிற பிடி போய்விடும். மண் சரிவதில்லை, வழுக்கிக்கொண்டு வருகிறது.

2009 நவம்பர் ஞாபகம் இருக்கிறதா? ஒரே இரவில் கேத்தியில் 82 சென்டிமீட்டர். மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அந்த வாரம் நான் பார்த்த இடங்களில் பெரும்பாலும் மேலே ஒரு புது வெட்டோ, அடைத்துக் கிடந்த ஒரு ஓடையோ இருந்தது. தடுப்புச்சுவர் கட்டியிருக்கிறோமே என்பார்கள். சுவரில் தண்ணீர் வடிய ஓட்டை வைக்கவில்லை என்றால், அல்லது வைத்த ஓட்டைக்குப் பின்னால் சல்லி போடவில்லை என்றால், அந்தச் சுவர் ஒரு குட்டி அணைதான். ஒரு நாள் உடையும். நம் ஊரில் இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. சரிவில் பத்து அறை கட்டி அத்தனை கழிவுநீரையும் ஒரே உறிஞ்சு குழியில் இறக்குகிறார்கள். மழை இல்லாத மாதத்திலும் அந்த மேடு ஈரமாகவே இருக்கிறது. மழைமானி தண்ணீர் இல்லை என்கிறார், நான் தண்ணீரால் மலை சரிகிறது என்கிறேன், இரண்டும் ஒரே வீட்டில் நடக்கிறது.

கொழுந்துக்கூடை கேட்டதற்குப் பதில்: தேயிலை வேர் ஆழமாகப் போகும், செடி நெருக்கமாக நிற்கும், மண்ணைப் பிடித்து வைக்கும். கேரட் வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை மண்ணைப் புரட்டும். படிமட்டம் ஒழுங்காகப் போட்டு ஓரத்தில் புல் வளர்த்தால் செய்யலாம், செங்குத்துச் சரிவில் செய்யக் கூடாது. சதுப்பை வடித்துவிட்டு காய்கறி போடுவது அதைவிட மோசம், அது மலையின் பஞ்சு, பிழிந்துவிட்டால் கோடைக்கு ஒன்றும் இருக்காது.

விதி இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஹாக்கா என்கிற மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் 1990லேயே வந்தாகிவிட்டது. உயரம் 7 மீட்டர் என்று இருக்கிறது. பொக்லைனுக்கும் போர் போடுவதற்கும் அனுமதி வேண்டும் என்று இருக்கிறது. ரோட்டிலிருந்து பார்த்தால் இரண்டு மாடி, பள்ளத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் ஐந்து மாடி என்று கட்டுகிறவனுக்கு அளவு நாடாவை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரிந்திருக்கிறது.

#7 டிஎன்43_ஜீப்

சார், அந்தப் பள்ளத்துப் பக்கத்தைப் பார்க்கிற மாதிரி ஒரு ட்ரிப் போடலாமா? "ஐந்து மாடி வியூ பாயிண்ட்", ஆளுக்கு முந்நூறு.

#8 லயத்துவீடு

சிரியுங்கள் சிரியுங்கள். எங்கள் கதையையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எங்கள் பாட்டி, இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பின சாஸ்திரி ஒப்பந்தத்தில் கண்டியிலிருந்து வந்தவர். அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தார், இப்போது முட்டி போய்விட்டது. எங்களுக்கு இருப்பது ஒன்றரை சென்ட், அதில் ஒரு அறை, ஒரு அடுப்படி. தம்பிக்குக் கல்யாணம் ஆனதும் பின்பக்கம் எட்டுக்குப் பத்தில் ஓர் அறை இழுக்கலாம் என்று ஹாலோபிளாக் கல் இறக்கினோம். மறுநாள் ஆள் வந்து நிறுத்திவிட்டார்கள். மலைப்பகுதி, அனுமதி வேண்டும், வரைபடம் வேண்டும், மண் பரிசோதனை வேண்டும். எந்த அலுவலகம் என்று எழுதவில்லை, எழுதி என்ன ஆகப் போகிறது, ஆறு மாதம் நடந்தோம். அந்த ஆறு மாதத்தில் எங்களுக்கு மேலே இருக்கிற மேட்டில் ஒரு முழுக் கட்டடம் எழும்பி, கண்ணாடி போட்டு, பெயர்ப்பலகையும் வைத்தார்கள். அதன் கழிவுநீர் வருகிற வழி எங்கள் கொல்லை. கல் இன்னும் அங்கேதான் கிடக்கிறது, கோழி ஏறி உட்கார்ந்திருக்கிறது.

ஓவர்சியர் சார் சொன்னது எல்லாம் சரி. எங்கள் சரிவும் அதே மண்தான், எங்களுக்கும் பயம் உண்டு, 2009ல் நாங்கள் பத்து நாள் ஸ்கூலில் படுத்திருந்தோம். ஆனால் விதியை இறுக்குங்கள் என்று நீங்கள் மனு எழுதினால் அது முதலில் இறங்குகிற இடம் எங்கள் ஒன்றரை சென்ட்டாக இருக்கும். இந்த ஊரில் கொழுந்து பறிக்கிறவர்கள், ரூம் கூட்டுகிறவர்கள், குப்பை அள்ளுகிறவர்கள் எங்கே இருப்பார்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களா? இப்போது ஜார்க்கண்டிலிருந்து வந்து பறிக்கிற பிள்ளைகள் ஓர் அறையில் எட்டுப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் ஊர் ஜனம்தானே?

#9 பொரங்காட்டான்

இல்லை அம்மா, எழுதவில்லை. முதல் பக்கத்தில் சல்லிவனுக்கு ஒன்பது வரி இருக்கிறது. அதைக் குறைக்கிறேன்.

#10 வார_இறுதி

திட்டு வாங்கத் தயாராகத்தான் வருகிறேன். நான் பெங்களூரில் இருக்கிற சேலத்துக்காரன். கோத்தகிரி பக்கம் ஒரு வீடு வைத்திருக்கிறேன். முதல் பதிவில் கேட்ட கேள்விக்கு நானும் ஒரு பதில்: ஆள் இல்லாமல் கட்டடம் கூடுவது என்னை மாதிரி ஆட்களால். வருடத்தில் நாற்பது நாள் திறந்திருக்கும், மீதி நாள் வாட்ச்மேன். முறையாக அனுமதி வாங்கித்தான் கட்டினேன், சாய்வுக் கூரை, ஒரு மாடி. கூரைத் தண்ணீரைப் பிடிக்க 30 ஆயிரம் லிட்டர் தொட்டி வைத்திருக்கிறேன், அது மட்டும் எனக்குப் பெருமை.

#11 மழைமானி

நல்ல வேலை செய்தீர்கள், சும்மா சொல்லவில்லை. ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் 900 லிட்டருக்கு மேல். நம் ஊர் ஐப்பசிக்கு உங்கள் தொட்டி சில வாரத்தில் நிரம்பி வழிந்திருக்கும். 2003லிருந்து தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பு கட்டாயம், நம் ஊரில் பல வீடுகளில் அது பைப் வெளியே தெரிகிற மாதிரி ஒரு அலங்காரம். ஒரு சந்தேகம் மட்டும்: அந்தத் தொட்டித் தண்ணீர் எதற்குப் போகிறது?

#12 வார_இறுதி

...புல்தரைக்கு.

#13 டிஎன்43_ஜீப்

😂😂 அண்ணா நேர்மைக்கு ஒரு டீ என் கணக்கில்.

#14 வர்க்கி_அக்கா

நான் இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், அடுப்பை விட்டு வர நேரமில்லை. ஊட்டி வர்க்கிக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து ஆர்டர் கொஞ்சம் கூடியிருக்கிறது. எனக்கு டூரிஸ்ட் வந்து தங்க வேண்டும் என்றுகூட இல்லை, கால் கிலோ வாங்கிக்கொண்டு இறங்கினால் போதும். வளர்ச்சி என்றாலே ரூம் கட்டுவது என்று ஆகிவிட்டது பாருங்கள். தேன், மிளகு, காபி, தேயிலைத் தூள், வர்க்கி எல்லாம் இங்கே செய்து கீழே அனுப்பினால் அதற்கு ஷவர் வேண்டாம்.

குப்பையைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை, பிரித்துக் கொடுக்காதவன் வீட்டு வாசலுக்குக் கரடி வரும், எங்கள் தெருவில் வந்தது. கோயில் விளக்கெண்ணெயைக் குடித்துவிட்டுப் போகிறது, பேக்கரி பின்கதவையும் ஒரு தடவை தட்டிப் பார்த்தது. ஆனால் ஒரு விஷயம் இந்த மாவட்டத்தில் உருப்படியாக நடந்தது, 2022ல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். எத்தனை வருடம் "இயற்கையைக் காப்போம்" என்று போர்டு வைத்தார்கள், யானைக் காலில் கண்ணாடி குத்துவது நிற்கவில்லை. பத்து ரூபாய் என்றதும் குடித்துக் கிடக்கிறவன்கூட பாட்டிலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு கிடக்கிறான். தண்ணீருக்கும் இந்த மாதிரி ஏதாவது யோசியுங்கள்.

#15 கோவை_ரிட்டர்ன்

அக்கா சொன்னதைப் பிடித்துக்கொள்கிறேன். நான் ஒத்துக்கொள்கிற விஷயம் இது: அறை எண்ணிக்கைக்கு ஏற்ற மழைத்தொட்டி இல்லாமல் லைசென்ஸ் புதுப்பிக்கக் கூடாது. எனக்குச் செலவுதான், லோன் ஏறும், ஆனால் பக்கத்தில் பதினெட்டு அறைக்காரருக்கும் அதே விதி என்றால் செய்வேன். எனக்கு மட்டும் என்றால் செய்ய மாட்டேன், அதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் சீசன் மாதத்தில் லாரித் தண்ணீர் எந்த ஊற்றிலிருந்து எத்தனை லோடு போகிறது என்று கணக்கு இருக்க வேண்டும். இந்த இழையைத் தொடங்கினதிலிருந்து அது உறுத்துகிறது. என் லாரிக்காரரைக் கேட்டேன். "கீழே ஒரு இடம்" என்றார். அவ்வளவுதான்.

#16 கொழுந்துக்கூடை

கீழே ஒரு இடம் என்றால் கீழே ஒரு ஹட்டி என்று அர்த்தம்.

#17 வார_இறுதி

புல்தரையை விட்டுவிட்டேன். அது தப்பு, சரி. ஆனால் ஒன்று கேட்கிறேன், என் இடத்தை எனக்கு விற்றவரும் ஊர்க்காரர்தான், நல்ல விலை கொடுத்தேன். வெளியூர்க்காரன் வந்ததால்தான் எல்லாம் என்கிற மாதிரி பேச்சு போனால்...

#18 லயத்துவீடு

அப்படி யாரும் சொல்லவில்லை அண்ணா, நீங்களே சொல்லிக்கொள்கிறீர்கள். எங்கள் பாட்டியும் வெளியூர்தான், கப்பலில் வந்தார்.

#19 மட்டுறுத்துநர்

நடுவில் வந்த நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். குறிப்பிட்ட கட்டட உரிமையாளர் பெயர், சர்வே எண், எந்தச் சமூகம் யாருக்கு விற்றது என்கிற பேச்சு வேண்டாம். மனுவுக்குத் தேவையானதைப் பேசுங்கள்.

#20 ஓவர்சியர்_ஓய்வு

நீக்கியதில் ஒன்று என்னுடையது, மன்னிக்கவும், பழைய கோபம்.

லயத்துவீடு அம்மாவின் பதிவைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த மாதிரி இடங்களில் கல்லை நிறுத்தச் சொன்னவர்களில் நானும் உண்டு, அவர் வீடு இல்லாவிட்டாலும் வேறு வீடு. எட்டுக்குப் பத்து அறைக்கும் ஐம்பது அறைக்கும் ஒரே படிவம் என்பது யாருக்கு வசதி என்று அப்போது யோசிக்கவில்லை. சின்ன வீட்டுக்கு ஒரு மாதிரி வரைபடம் போட்டு வைக்கலாம். கனம் குறைந்த சுவர், தகரக் கூரை, வடிகால் எங்கே, எவ்வளவு வெட்டலாம் என்று இரண்டு தாளில். சரிவு ஆபத்தில்லாத இடமென்றால் அதைக் காட்டி உடனே கட்டிக்கொள்ளட்டும். ஆபத்தான இடமென்றால் வேண்டாம் என்று சொல்லி அனுப்பாமல் மாற்று இடம் தர வேண்டும். வரைபடத்தை நானே போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம், கண்ணாடியை மாற்றியாகிவிட்டது, இன்னும் கோடு நேராக வரும்.

#21 மழைமானி

இதையெல்லாம் எழுதுங்கள், ஆனால் எண் இல்லாத மனுவைக் கட்டி மூலையில் போட்டுவிடுவார்கள். மலை எத்தனை வண்டி தாங்கும் என்று ஐஐடி மெட்ராஸையும் பெங்களூர் ஐஐஎம்மையும் ஆய்வு செய்யச் சொன்னது கோர்ட். நம் ஹட்டி ஊற்றை அளக்க யாரும் சென்னையிலிருந்து வர மாட்டார்கள், அது நம் வேலை. லாங்வுட் சோலையை நினைத்துப் பாருங்கள், மொத்தமே 116 ஹெக்டேர், ஊருக்குப் பக்கத்தில் விறகுக்கு வெட்டுப்பட்டுக் கிடந்தது. ஊர்க்காரர்களே குழு வைத்துக் காவல் காத்து மிஞ்சியது. அதிலிருந்து வருகிற ஓடைகளை நம்பி இன்றைக்கும் எத்தனை கிராமம்! 2024 ஜனவரியில் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்த்தபோது எல்லாரும் ஸ்டேட்டஸ் வைத்தோம். காத்தவர்களுக்கு அப்போது ராம்சார் என்றால் என்ன என்றே தெரிந்திருக்காது, குடத்தில் தண்ணீர் வருகிறதா என்றுதான் பார்த்தார்கள்.

அளப்பது ஒன்றும் கஷ்டம் இல்லை. 20 லிட்டர் பெயின்ட் வாளி, போனில் ஸ்டாப்வாட்ச், ஊற்றின் வாயில் ஒரு துண்டு பைப். வாளி நிரம்ப எத்தனை வினாடி என்று மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுத்தால் போதும். ஒரு நிமிடத்தில் நிரம்பினால் நாளைக்கு 28,800 லிட்டர். மாதம் ஒரு தடவை, ஒரே தேதியில், ஒரே இடத்தில். ஏப்ரல் எண் கையில் இருந்தால் எத்தனை அறை என்று நாம் சண்டை போட வேண்டாம், அந்த எண்ணை நீட்டினால் போதும்.

#22 பொரங்காட்டான்

சரி. முதல் பக்கத்தைக் கிழித்தாகிவிட்டது, சல்லிவன் மன்னிக்கட்டும். இப்போதைக்கு இருப்பது: ஏப்ரல் தண்ணீர் அளவு, அறைக்கு ஏற்ற தொட்டி, லாரி லோடு கணக்கு, வடிகாலும் கழிவுநீரும் எங்கே போகிறது என்று காட்டாமல் சரிவில் அனுமதி கூடாது, ஒன்றிரண்டு சென்ட் வீட்டுக்குத் தனி எளிய வழி, கொழுந்து விலை. பார்க்கிங் கடைசியில் இருக்கிறது, ஜீப் தம்பி கோபிக்க வேண்டாம். கொழுந்து விலையை நம் ஊர்த் திட்டத்தில் எப்படி எழுதுவது என்று எங்கள் கூட்டத்தில் இன்னும் சண்டை. அது டெல்லி சமாச்சாரம் என்று பாதிப் பேர், எழுதாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டோம் என்று மீதிப் பேர்.

எங்கள் பக்கம் ஊற்று எத்தனை என்று பெரியவர்களைக் கேட்டேன். பதினொன்று என்றார் ஒருவர், ஏழு என்றார் இன்னொருவர். இரண்டு பேரும் சேர்ந்து பெயர் சொல்லி எண்ணினால் ஒன்பது வந்தது, அதில் இரண்டின் மேல் வீடு இருக்கிறது. மீதி ஏழையும் ஞாயிறு காலை போய் அளக்கப் போகிறோம். வாளி இருக்கிறது. லயத்துவீடு அம்மா, உங்கள் மேட்டுக்குப் பக்கத்திலும் ஒன்று உண்டாமே?

#23 லயத்துவீடு

உண்டு. அம்மாதான் வழி சொல்ல வேண்டும், தேயிலைக்குள் போய் இறங்க வேண்டும். முட்டி வலி என்றாலும் வருகிறேன் என்கிறார். காலை ஏழு மணிக்கு மேல் வாருங்கள், அதற்கு முன்னால் காட்டுமாடு நிற்கும்.

#24 டிஎன்43_ஜீப்

அம்மாவை நடக்க விட வேண்டாம், ஜீப் எடுத்து வருகிறேன், மேட்டு முக்கு வரைக்கும் இறங்கும். ஞாயிறு சவாரியை விட்டுவிட்டு வருகிறேன், அதைக் கணக்கில் வையுங்கள். டீசல் யார்?

#25 வார_இறுதி

நான் போடுகிறேன்.